‘இங்க பாருங்க’ என்றால் எங்கே? பாட வீடியோக்களைத் திருத்திய அனுபவம்

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது இலங்கை மலையகத்தில் எங்கள் ஹட்டன் பக்கத்து ஆசிரியர்கள் சிலர் போனை ஒரு ஸ்டாண்டில் பொருத்தி, கரும்பலகைக்கு முன்னால் நின்று பாடம் எடுத்து யூடியூபில் போட்டார்கள். சாதாரண தரப் பரீட்சைக்கான விஞ்ஞானமும் கணிதமும்தான் அதிகம். நல்ல பாடங்கள். டியூஷனுக்குப் போக வழியில்லாத தோட்டத்துப் பிள்ளைகள் இன்றைக்கும் அவற்றைப் பார்க்கிறார்கள். அந்தத் தொகுப்பில் ஒரு பகுதியைக் கண் தெரியாத பிள்ளைகளும் காது கேளாத பிள்ளைகளும் படிக்கக்கூடிய விதத்தில் மாற்றும் வேலையை நானும் இரண்டு நண்பர்களும் எடுத்துக்கொண்டோம். ஆசிரியர்களிடம் அனுமதி வாங்கித்தான் தொடங்கினோம். என்ன செய்தோம், எதில் நேரம் போனது என்று இங்கே எழுதி வைக்கிறேன். இதே வேலையைத் தொடங்குகிற ஒருவருக்கு உதவும்.

மென்பொருளைத் திறப்பதற்கு முன் இரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்து வீடியோக்களை ஓடவிட்டோம். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தம்பி இருக்கிறான், பிறவியிலேயே பார்வை இல்லை. போனில் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் டோக்பேக்கைப் போட்டுக்கொண்டு நம்மைவிட வேகமாக எல்லாம் செய்வான். ஒரு கணிதப் பாடத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னான்: “அண்ணே, சேர் நல்லாத்தான் சொல்லிக் குடுக்கிறாரு. ஆனா ‘இத இங்க கொண்டுவந்தா அது அங்க போயிரும்’னு சொல்லுறப்ப எது, எங்கன்னு எனக்குத் தெரியலயே.”

மஸ்கெலியாவில் இருக்கும் தங்கச்சிக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. உதட்டசைவைப் பார்த்து ஓரளவு புரிந்துகொள்வாள். ஆனால் வீடியோவில் ஆசிரியர் பாதி நேரம் பலகையைப் பார்த்துத்தான் பேசுகிறார். முதுகைப் பார்த்து எப்படிப் படிப்பது என்று தாளில் எழுதிக் காட்டினாள்.

இந்த இரண்டு பேச்சும்தான் எங்கள் வேலைத் திட்டம். வழிகாட்டி நூல் இல்லாமல் இல்லை. உலகளாவிய வலைச் சேர்த்தியம் வெளியிடும் டபிள்யூசிஏஜி என்ற அணுகல் வழிகாட்டி 1999இல் முதலில் வந்தது, 2.2 என்ற பதிப்பு 2023 ஒக்டோபரில் வந்தது. பதிவுசெய்த வீடியோவுக்கு வசன வரிகள் (சப்டைட்டில்) வேண்டும் என்பதை அது அடிப்படைத் தரத்திலேயே வைத்திருக்கிறது. திரையில் நடப்பதைக் குரலில் சொல்லும் ஒலி விவரிப்பு அதற்கு அடுத்த தரம், சைகைமொழி அதற்கும் மேல். இலங்கையும் 2016 பெப்ரவரியில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை ஏற்று உறுதிசெய்த நாடு. அதன் 9ஆம் உறுப்புரை இணையத்தையும் சேர்த்தே பேசுகிறது. ஆசிரியர்களிடம் போய்ப் பேசியபோது இதைச் சொன்னது உதவியது. யாரோ கேட்கிற சலுகை என்ற எண்ணம் போய், இது பிள்ளைகளுக்குச் சேரவேண்டியது என்ற இடத்திலிருந்து பேச்சு தொடங்கியது.

முதல் வேலை எழுத்துப் பிரதி. பாடத்தில் பேசப்பட்ட ஒவ்வொரு வார்த்தையும் எழுத்தில் வந்துவிட்டால் வசன வரி, விவரிப்பு, அச்சடித்துக் கொடுக்கும் குறிப்பு எல்லாமே அதிலிருந்து பிறக்கும். ஓபன்ஏஐ 2022இல் இலவசமாக வெளியிட்ட விஸ்பர் என்ற பேச்சுணரிக்குத் தமிழும் தெரியும். அதை என் பழைய மடிக்கணினியிலேயே நிறுவினோம். கிராபிக்ஸ் அட்டை இல்லாத இயந்திரம் என்பதால் இரவில் ஓடவிட்டுத் தூங்கப்போவோம். விஸ்பரின் சிறிய மாதிரியில் (மாடல்) வந்த தமிழைத் திருத்துவதைவிடப் புதிதாகத் தட்டச்சு செய்துவிடலாம். பெரிய மாதிரியில் வந்தது பரவாயில்லை, திருத்தினால் தேறும்.

சிக்கல் நம் பாடப்புத்தகச் சொற்களில் வந்தது. ஆர்முடுகல், அமுக்கம், நொதியம், நிறமூர்த்தம், காபனீரொட்சைட்டு ஆகியவை இந்தியத் தமிழ்ப் பாடங்களில் வேறு பெயரில் இருப்பவை. விஸ்பர் அவற்றைத் துண்டு துண்டாக உடைத்துப் போட்டது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஓடவிடும்போதே தொடக்கக் குறிப்பாகச் சில சொற்களைக் கொடுக்கலாம். ஒவ்வொரு பாடத்துக்கும் அந்த அலகின் கலைச்சொற்களைப் பாடப்புத்தகத்திலிருந்து எடுத்து அங்கே போட்டோம். பிழை நன்றாகவே குறைந்தது.

இன்னொன்று மழை. தகரக் கூரைக்குக் கீழ் எடுத்த பாடங்களில் மழை பிடித்துக்கொண்டால் ஆசிரியர் பேச்சை நிறுத்திவிட்டு எழுதிக்கொண்டே போகிறார். அந்த இடங்களில் விஸ்பர் சும்மா இருப்பதில்லை. யாரும் பேசாத வசனத்தை எழுதும், இல்லாவிட்டால் முந்திய வரியையே திரும்பத் திரும்பப் போடும். பேச்சில்லாத பகுதிகளை முன்கூட்டியே வெட்டி எடுத்துவிட்டு மற்றதை மட்டும் கொடுப்பது நல்லது.

சில ஆசிரியர்கள், “நோட்ஸ் எல்லாம் டைப் பண்ணியே இருக்கு தம்பி” என்று பிடிஎஃப் கோப்புகளை அனுப்பினார்கள். பெரும்பாலும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்தன. பாமினியில் ‘அம்மா’ என்று கண்ணுக்குத் தெரிவது கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளாகத்தான் கிடக்கிறது. டோக்பேக் போன்ற திரைவாசிப்பான் அதை அப்படியே வாசிக்கும். எழுத்துரு மாற்றியில் போட்டு, தமிழைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடுக்குக் கொண்டுவந்தோம். அதற்குப் பிறகும் கண்ணுக்குத் தெரியாத பிழைகள் தங்கியிருந்தன. ‘பௌதிகவியல்’ என்ற சொல்லில் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பையும் ளகரத்தையும் தனித்தனியாகப் போட்டு ‘பெளதிகவியல்’ என்று தட்டச்சு செய்திருந்தால் பார்க்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது. கேட்கிறவருக்கு அது வேறு சொல். ‘ஆசிரியர்’ என்பதன் கடைசி ர்-க்குப் பதில் காலும் புள்ளியும் போட்டு ‘ஆசிரியா்’ என்று எழுதுவதும் அப்படித்தான். இவற்றைத் தேடி மாற்ற ஒரு சின்னப் பட்டியல் வைத்துக்கொண்டோம். கோப்பைத் திரைவாசிப்பானில் ஒருமுறை கேட்காமல் எதையும் வெளியே விடுவதில்லை. விண்டோஸ் கணினி இருந்தால் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம், அதில் தமிழ்க் குரலும் இருக்கிறது.

வசன வரிகளை சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் நேரம் பார்த்து வெட்டினோம். ஒரு வரி வேகமாக ஓடுகிறது என்று அது சிவப்பில் எச்சரிக்கும். விநாடிக்கு எத்தனை எழுத்து என்ற அந்தக் கணக்கைத் தமிழுக்கு அப்படியே எடுக்க முடியாது. ‘கொழுந்து’ நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, யூனிகோடு கணக்கில் எட்டு. அதனால் எச்சரிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, தங்கச்சி வாசிக்கிற வேகத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தோம். திரைக்கு இரண்டு வரி, வரிக்கு நான்கு ஐந்து சொல், பொருள் முறியாத இடத்தில் வெட்டு. இவ்வளவில் அவள் வசனத்தையும் படித்துப் பலகையையும் பார்த்தாள்.

பேச்சுத் தமிழை அப்படியே எழுதுவதா என்பதில் எங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. ஆசிரியர் சொன்னதை ஒரு எழுத்தும் மாற்றக்கூடாது என்றான் நண்பன். நியாயமான வாதம்தான், காது கேளாதவருக்கு மட்டும் ஏன் திருத்திய பதிப்பு? ஆனால் தங்கச்சி தமிழைக் கேட்டுப் பழகியவள் இல்லை. புத்தகத்தில் படித்தே கற்றவள். ‘போயிரும்’, ‘வச்சிக்கிட்டு’ போன்ற வரிகளில் அவள் தடுமாறி நின்றாள். ‘போய்விடும்’, ‘வைத்துக்கொண்டு’ என்று மாற்றிக் கொடுத்ததும் தடையில்லாமல் போனாள். ஆகவே வினைமுடிவுகளை எழுத்துத் தமிழுக்கு மாற்றினோம். சொன்ன விஷயம், உதாரணம், பிள்ளைகளைச் செல்லமாகக் கூப்பிடுவது எதையும் வெட்டவில்லை. சதுர அடைப்புக்குள் [மழை பெய்கிறது], [மாணவர்கள் சிரிக்கிறார்கள்], [பாடசாலை மணி] என்று ஒலிகளையும் எழுதினோம். ஆசிரியர் பேச்சை ஏன் திடீரென்று நிறுத்தினார் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிகிறது.

கோப்பைச் சேமிக்கும்போது கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமிக்காவிட்டால் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். யூடியூபில் ஏற்றும் எஸ்ஆர்டி என்ற வசனக் கோப்பில் விநாடிக்கும் மில்லிவிநாடிக்கும் நடுவில் காற்புள்ளி வரும். சொந்த இணையப் பக்கத்தில் போடுவதற்கான வெப்விடிடி கோப்பில் அந்த இடத்தில் முற்றுப்புள்ளி வரும், முதல் வரியில் அந்த வடிவத்தின் பெயரும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கவேண்டும்.

யூடியூபில் இது தனித் தடமாக ஏறும், வேண்டியவர் போட்டுக்கொள்ளலாம், எழுத்தைப் பெரிதாக்கலாம். ஆனால் தோட்டங்களில் வீடியோ கைமாறுவது வட்ஸ்அப்பில். அங்கே வசனத் தடம் வீடியோவோடு சேர்ந்து வராது. அதனால் வசனத்தைப் படத்திலேயே பதித்த இன்னொரு பிரதியும் தேவைப்பட்டது. எஃப்எஃப்எம்பெக் கருவியால் அதைச் செய்தோம். உங்கள் கணினியில் இருக்கும் பதிப்பில் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்தடுக்கும் நூலகம் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், ‘கெ’ சிதைந்து வரும். எழுத்துருவாக நோட்டோ சான்ஸ் தமிழை வைத்தோம்.

பதித்த பிரதியை முதலில் பார்த்த தங்கச்சி ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினாள். ஆசிரியர் பலகையின் அடிவரை எழுதுகிறவர். கடைசி வரி, பெரும்பாலும் விடை இருக்கும் வரி, வசனத்துக்குப் பின்னால் மறைகிறது. படத்தைச் சற்றுச் சுருக்கி அடியில் ஒரு கறுப்புப் பட்டை சேர்த்து, வசனத்தை அந்தப் பட்டையில் வைத்தோம். இப்போது எல்லாப் பாடங்களையும் அப்படித்தான் செய்கிறோம்.

அடுத்தது ஒலி விவரிப்பு. எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த பகுதி இதுதான். ஒளித்தொகுப்பு அலகில் இலையில் மாப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை ஒரு வீடியோவாக இருந்தது. முழு வீடியோவிலும் ஒரு வார்த்தை இல்லை, பின்னணி இசை மட்டும். தம்பியைப் பொறுத்தவரை அது ஒரு பாட்டு, அவ்வளவுதான். காது கேளாத தங்கச்சிக்கும் அது முழுதாகப் புரியவில்லை, ஏனென்றால் குவளைகளில் எதிலும் பெயர் ஒட்டியிருக்கவில்லை.

இசையை எடுத்துவிட்டு விவரிப்பு எழுதினோம். முதல் வரைவு இப்படி இருந்தது: “ஆசிரியர் ஒரு பச்சை இலையை இடுக்கியால் பிடித்துக் கொதிநீரில் போடுகிறார். பிறகு அதை எடுத்து மதுசாரம் உள்ள சோதனைக் குழாயில் இடுகிறார். குழாய் சுடுநீர் உள்ள முகவைக்குள் நிற்கிறது. இலை வெளிறுகிறது. இலையை நீரில் கழுவி வெள்ளை ஓட்டின் மேல் விரிக்கிறார். அயடீன் துளிகள் விடுகிறார். இலை கருநீலமாகிறது.”

தம்பிக்கு வாசித்துக் காட்டினோம். கேட்டுவிட்டு அவன் கேட்ட கேள்விகள்: “மதுசாரத்துல போட்ட பொறகு அந்த எல மெத்துன்னு இருக்குமா அண்ணே, மொறுமொறுன்னு இருக்குமா? நேரா அடுப்புல வைக்காம ஏன் சுடுதண்ணிக்குள்ள வைக்கிறாங்க?” இரண்டும் பரீட்சையில் வரக்கூடிய கேள்விகள். மதுசாரம் பச்சையத்தைக் கரைத்து எடுத்த பிறகு இலை விறைத்து எளிதில் உடைவதாகிவிடுகிறது. அதை மென்மையாக்கத்தான் வெந்நீரில் கழுவுவது. மதுசாரம் சட்டென்று தீப்பிடிக்கும், அதனால்தான் சுவாலைக்கு நேராகக் காட்டாமல் நீர்த்தொட்டியில் சூடாக்குவது. பார்க்கிறவன் ஆசிரியர் இலையை எவ்வளவு மெதுவாகப் பிடிக்கிறார் என்பதிலிருந்தும் பன்சன் சுடரடுப்பு தள்ளி இருப்பதிலிருந்தும் இதை அரைகுறையாகவாவது ஊகித்துக்கொள்கிறான். கேட்கிறவனுக்கு அந்த வாய்ப்பை வார்த்தைதான் தரவேண்டும். இரண்டு விஷயங்களையும் ஆசிரியரிடம் சரிபார்த்து விவரிப்பில் சேர்த்தோம். நிறத்தை அவனுக்காக எடுத்துவிடவில்லை. கருநீலம் என்று சொல்லி, அது மாப்பொருள் இருப்பதைக் காட்டும் நிறம் என்றும், மாப்பொருள் இல்லாவிட்டால் அயடீனின் மஞ்சள் கலந்த கபில நிறமே தங்கும் என்றும் சேர்த்துச் சொன்னோம். பரீட்சைத்தாளில் அவன் எழுதவேண்டிய விடையும் அதுதானே.

விவரிப்பை நண்பனின் அக்கா வாசித்தார். ஆசிரியரின் குரலிலிருந்து விவரிப்புக் குரல் வேறாகத் தெரிய வேண்டும் என்பதால் பெண் குரல். பதிவுசெய்ய நினைத்தது தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். எங்கள் பக்கம் கூரையில் மழை விழாத நேரம் அபூர்வம். அலுமாரியைத் திறந்துவைத்து, தொங்கும் உடுப்புகளுக்கு நடுவில் போனை வைத்து, பின்னால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அக்கா வாசித்தார். கேட்டால் ஸ்டூடியோவில் எடுத்தது மாதிரியே இருக்கிறது. மிச்ச இரைச்சலை ஒடாசிட்டியில் குறைத்தோம். இசை இருந்தே ஆகவேண்டும் என்ற இடங்களில் பேச்சைவிட 20 டெசிபெல் தாழ வைத்தோம், டபிள்யூசிஏஜி சொல்லும் அளவு அது. காதுக்கருவி போட்டவர்களுக்கு இந்த இடைவெளி மிக முக்கியம்.

பேச்சு நிறைந்த பாடங்களில் விவரிப்புக்கு இடமே கிடைக்காது. கணிதப் பாடத்தில் ஆசிரியர் மூச்சுவிடும் இடைவெளியில் என்ன சொல்வது? அந்த ஆசிரியரைத் தேடிப் போய்த் தம்பி சொன்னதைச் சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்போ நான் கையால சொன்னதையெல்லாம் வாயால சொல்லணும், அவ்வளவுதானே தம்பி?” என்றார். அன்றைக்கே ஒரு பாடத்தைத் திரும்ப எடுத்தார். “இத இங்க கொண்டுவந்தா” என்பது “சமன்பாட்டின் வலப்பக்கம் இருக்கிற 3எக்ஸை இடப்பக்கம் கொண்டுவந்தால் அது சய (மைனஸ்) 3எக்ஸ் ஆகும்” என்று மாறியது. எழுதும்போது பலகையைப் பார்த்து, பேசும்போது பிள்ளைகளைப் பார்த்துத் திரும்பினார். அந்த ஒரு பழக்கத்தில் தங்கச்சிக்கு உதடு தெரிந்தது, விஸ்பருக்குக் குரல் தெளிவானது, தம்பிக்கு விவரிப்பே தேவைப்படவில்லை. எடுத்து முடித்த வீடியோவில் நாங்கள் நாள்கணக்கில் ஒட்டுப்போடுகிற வேலையை அவர் எடுக்கும்போதே முடித்துவிட்டார். என்னைக் கேட்டால் பணமும் நேரமும் குறைவாக இருக்கிற எங்களைப் போன்றவர்கள் முதலில் போய்ப் பேச வேண்டியது ஆசிரியரிடம்தான், மென்பொருள் அப்புறம்.

இப்படி எடுத்த பாடங்கள் ஒலியாக மட்டும் கேட்டாலும் விளங்குகின்றன. 20 நிமிடப் பாடத்தை ஒற்றைத் தட ஒலியாக விநாடிக்கு 32 கிலோபிட்டில் சுருக்கினால் 5 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். டேட்டா போட முடியாத வீடுகளில், சிக்னல் ஒரு கோடு மட்டும் வரும் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில், பார்வையுள்ள பிள்ளைகளும் இதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள்.

சின்னச் சின்ன வேலைகளும் இருந்தன. சில ஸ்லைடுகளில் பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்து. நடுத்தரப் பச்சையில் சுத்தச் சிவப்பு வைத்தால் எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாட்டு விகிதம் 1.3 அளவுதான் வரும், வேண்டியது குறைந்தது 4.5. அதே பச்சையில் வெள்ளை எழுத்து வைத்தால் 5ஐத் தாண்டும். நிறத்தை மாற்றியதோடு ‘சிவப்பில் இருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்’ என்ற இடங்களில் கோடும் போட்டோம். ஒரு தொகுப்பின் முகப்பில் பளிச் பளிச்சென்று மின்னும் அனிமேஷன் இருந்தது, அதை வெட்டியே எடுத்துவிட்டோம். விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னினால் வலிப்பு வரக்கூடியவர்கள் இருக்கிறார்கள். 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு கார்ட்டூன் காட்சியின் மின்னலால் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் மருத்துவமனைக்குப் போனார்கள்.

கை நடுக்கம் உள்ள இன்னொரு மாணவர் வீடியோவில் ஒரு இடத்துக்குப் போக அந்த மெல்லிய கோட்டை விரலால் பிடிக்க முடியாமல் கஷ்டப்பட்டார். விவரப் பகுதியில் நேரத்தையும் தலைப்பையும் எழுதி அத்தியாயங்களாகப் பிரித்தோம். முதலாவது 0:00 என்று தொடங்க வேண்டும், குறைந்தது மூன்று இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் 10 விநாடிக்குக் குறையக்கூடாது, இல்லாவிட்டால் யூடியூப் ஏற்காது. கணினியில் பார்க்கிறவருக்கு கே நிறுத்தவும் ஓடவிடவும், ஜே 10 விநாடி பின்னால், எல் 10 விநாடி முன்னால், சி வசன வரிக்கு என்று அச்சடித்துக் கொடுத்தோம்.

சைகைமொழி இன்னும் செய்யவில்லை. தங்கச்சிக்கு வசன வரி உதவுகிறது என்றாலும் அவள் மனதில் நினைக்கும் மொழி சைகை, தமிழ் அவளுக்கு இரண்டாவது. விஞ்ஞானப் பாடத்தைத் தமிழிலிருந்து சைகைக்கு மாற்றித் தரக்கூடியவர் எங்கள் பக்கத்தில் எங்களுக்குக் கிடைக்கவில்லை. தமிழ் மொழியில் காது கேளாத பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் யாழ்ப்பாணத்துக் கைதடி நவீல்ட் பாடசாலைப் பக்கம் விசாரிக்கலாம் என்று நண்பன் சொல்லியிருக்கிறான். ஆள் கிடைத்தால் அவருடைய உருவம் வைக்க இடம் வேண்டுமே என்று புதிய பாடங்களில் பலகையின் வலது ஓரத்தை எழுதாமல் விடச் சொல்லியிருக்கிறோம்.

இப்போது கையில் இருப்பது மின்சுற்றுப் பாடம். அதில் வரைபடம் அதிகம், பேச்சுக்கு நடுவில் இடைவெளியே இல்லை, ஆசிரியர் வெளிநாடு போய்விட்டதால் திரும்ப எடுக்கவும் முடியாது. எனவே ஒவ்வொரு வரைபடமும் வரும்போது படத்தை அப்படியே உறையவைத்து, மின்கலத்தின் நேர்முனையிலிருந்து தொடங்கிக் கம்பி போகும் வழியே சுற்றை அக்கா சொல்லி முடித்த பிறகு பாடம் தொடர்கிற மாதிரி வெட்டிக்கொண்டிருக்கிறோம். வீடியோ நீளும், பரவாயில்லை. முதல் இரண்டு சுற்றுகளைத் தம்பிக்கு அனுப்பியாயிற்று. சொன்னதைக் கேட்டுக் கம்பியும் பல்பும் வைத்து இணைத்துப் பார்க்கிறேன் என்றிருக்கிறான். எந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறான் என்று தெரிந்தபிறகு மற்றச் சுற்றுகளுக்கான விவரிப்பை எழுதுவோம்.